மின்நிலைய வாசலில் கணனிக் கூடங்கள்: நமது காற்றும் தண்ணீரும் நித்திரையும்

கோடை பிறந்தால் மொன்றியல் பழைய துறைமுகத்துக்கு ஒரு தடவையாவது போகாத தமிழ்க் குடும்பம் நம்மிடையே இருக்காது. ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவையோ ரொறன்ரோவிலிருந்து வந்த உறவினரையோ முதலில் கூட்டிப்போவது அங்கேதான். பிள்ளைகள் ஐஸ்கிறீமோடு ஓட, பெரியவர்கள் தண்ணீரைப் பார்த்தபடி வாங்கில் இருப்பார்கள். அப்படி இருக்கும்போது துறைமுகத்தின் மேற்குப் பக்கத்தில் வந்து விழும் லஷீன் கால்வாயையும் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் சைக்கிள் பாதை, படகுகள், புல்வெளி எல்லாம் உண்டு. ஆனால் அந்தத் தண்ணீரில் யாரும் குளிப்பதில்லை. குளிக்க அனுமதியும் இல்லை.

காரணம் பழையது. 1825ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தக் கால்வாயில் தண்ணீர் மேலிருந்து கீழே விழும் வேகமே அக்காலத்து மின்சாரம். அந்த வேகத்தால் இயந்திரங்களைச் சுற்றலாம் என்று கண்டு, மாவாலைகளும் இரும்பாலைகளும் கால்வாய் ஓரமாக வரிசையாக வந்து குந்தின. 1970இல் கப்பல் போக்குவரத்து நின்றது. ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவை விட்டுப்போன பார உலோகங்களும் மற்றக் கழிவுகளும் கால்வாயின் அடிச்சேற்றில் தங்கிவிட்டன. 2002இல் உல்லாசப் படகுகளுக்காகக் கால்வாயைத் திரும்பத் திறந்தபோதும் அந்தச் சேறு கிளறப்படாமல் அப்படியே விடப்பட்டது.

சக்தி எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே தொழில் வந்து சேரும். தொழில் போனபிறகு மிச்சம் அயலவர்களிடம் இருக்கும். செயற்கை நுண்ணறிவுக்கான மாபெரும் கணனிக் கூடங்களை மின்நிலையங்களின் பக்கத்திலேயே கட்டும் வேலை இன்று உலகெங்கும் நடக்கிறது. நமது நகரத்துக்கு அருகிலும் நடக்கிறது. இது நமது சுகாதாரத்தோடு எப்படித் தொடர்புபடுகிறது என்பதை இம்முறை சுகாதாரப் பக்கத்தில் பார்ப்போம்.

தரவு நிலையம் என்றால் என்ன?

நாம் கைத்தொலைபேசியில் ஒரு கேள்வியைத் தட்டினால் பதில் வானத்திலிருந்து வருவதில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கணனிகள் இராப்பகலாக ஓடுகின்றன. அந்தக் கட்டடத்தைத்தான் தரவு நிலையம் என்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்தபின் இவற்றின் மின்பசி பன்மடங்காகிவிட்டது. சர்வதேச சக்தி முகவரகம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024இல் உலக மின்பாவனையில் ஏறக்குறைய 1.5 சதவீதம் தரவு நிலையங்களுக்குப் போனது. 2030அளவில் அவற்றின் பாவனை இரண்டு மடங்குக்கும் மேலாகும் என்றும் அந்த அறிக்கை கணித்தது.

இவ்வளவு மின்சாரத்தைப் புதிய இடம் ஒன்றுக்குக் கொண்டுபோக உயர் அழுத்தக் கம்பிகளும் மின்மாற்றிகளும் வேண்டும். அதற்குப் பல வருடங்கள் பிடிக்கும். மின்நிலையம் இருக்கும் இடத்திலோ, மூடிய மின்நிலையத்தின் காணியிலோ அவை ஏற்கெனவே உண்டு. குளிரூட்டத் தண்ணீரும் பாரவண்டி போகப் பாதையும் உண்டு. காணியும் தொழிற்சாலைக்கென்றே ஒதுக்கப்பட்டது. காட்டையும் விளைநிலத்தையும் அழிக்கத் தேவையில்லை என்பதால் இதில் நன்மையும் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் விடோஸ் கிறீக் நிலக்கரி மின்நிலையக் காணியில் தரவு நிலையம் கட்டப்போவதாகக் கூகிள் 2015லேயே அறிவித்தது. அன்று அது புதினம். இன்று அது வழமையாகி வருகிறது.

ஆற்றின் மேலே ஒரு ஊர்

துறைமுகத்தைத் தாண்டி மேற்கே போகும் சரக்குக் கப்பல்கள் செயின்ற் லம்பேர்ட்டில் கடல்வழிக் கால்வாய்க்குள் ஏறி, செயின்ற் லூயி ஏரியைக் கடந்து, போஆர்னுவா என்ற ஊரை அடைகின்றன. அங்கே இரண்டு பெரிய தொட்டிகள் கப்பலைத் தண்ணீரோடு சேர்த்து மேலே தூக்கிவிடும். அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது ஹைட்ரோ-கியூபெக்கின் போஆர்னுவா நீர்மின் நிலையம். 1932இல் மின்சாரம் தரத் தொடங்கி 1961வரை படிப்படியாகப் பெருப்பிக்கப்பட்ட இந்த நிலையத்தின் வலு ஏறக்குறைய 1,900 மெகாவாற். மொன்றியல் நகர மையத்திலிருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம்.

மின்சாரத்தை அதிகமாக விழுங்கும் தொழில்கள் இந்த ஊருக்கு வந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அலுமினிய உருக்காலை வந்தது. இரசாயன ஆலை ஒன்றின் பாதரசக் கழிவு இங்குள்ள செயின்ற் லூயி ஆற்றையும் அது விழும் ஏரியையும் மாசாக்கியது. மங்கனீசுக் கலப்புலோக ஆலை ஒன்றும் இயங்கி 1991இல் மூடப்பட்டது.

இந்தக் கடைசி ஆலையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். மங்கனீசு உடம்புக்குக் கொஞ்சம் தேவையான சத்துத்தான். நாம் உண்ணும் கீரையிலும் தேயிலையிலும் அது உண்டு. சாப்பாட்டில் கூடிப்போனால் ஈரல் அதை வெளியேற்றிவிடும். ஆனால் தூசாக மூச்சோடு போனால் ஈரலைச் சுற்றாமல் மூளையை அடைய முடியும். மொன்றியலில் உள்ள கியூபெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனா மெர்க்லரும் அவருடைய குழுவினரும் தென்மேற்குக் கியூபெக்கில் வசித்த 273 பேரைப் பரிசோதித்து, 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பரிசோதிக்கப்பட்டவர்கள் அந்தப் பகுதியில் குடியிருந்த சாதாரண மக்கள். இரத்தத்தில் மங்கனீசு கூடுதலாக இருந்தவர்களிடம் கை அசைவின் ஒழுங்கிலும் நினைவாற்றலிலும் சிறு சிறு மாற்றங்கள் தெரிந்தன. 50 வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் அது கூடுதலாக இருந்தது. படுக்கையில் விழுத்தும் நோய் என்று இதைச் சொல்ல முடியாது. கவனித்துப் பார்க்காவிட்டால் "வயது போகிறது" என்று நாமே சமாதானம் சொல்லிவிடக்கூடிய மாற்றம். ஆலை மூடிச் சில வருடங்களுக்குப் பிறகுதான் அயலவர்களின் உடம்பைப் பற்றி இவ்வளவாவது தெரியவந்தது.

இப்போது யார் வருகிறார்கள்?

அலுமினிய உருக்காலை 2009இல் மூடப்பட்டது. அதே கட்டடத்தில் பிரான்சின் ஓவிஎச் நிறுவனம் 2012, 2013 காலப்பகுதியில் பெரிய தரவு நிலையம் ஒன்றை அமைத்தது. மின்நிலையம் பக்கத்தில் இருப்பதும் கனடாவின் குளிரும் அதற்கு வாய்ப்பாகின. குழாய்களில் ஓடும் தண்ணீர் கணனிகளின் சூட்டை எடுத்துச் செல்ல, வெளிக்காற்று அந்தத் தண்ணீரை ஆற்றுகிறது. கூகிள் நிறுவனமும் அதே ஊரில் ஹைட்ரோ-கியூபெக்கிடமிருந்து ஏறத்தாழ 62 ஹெக்ரேயர் காணியை வாங்கி, 73.5 கோடி டொலர் செலவில் தரவு நிலையம் கட்டப்போவதாக 2021இல் அறிவித்தது.

இந்தத் தொழில் நமக்குத் தூரமானதல்ல. செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியில் மொன்றியலுக்கு உலகப் பெயர் உண்டு. 2018ஆம் ஆண்டுக்கான ரியூறிங் விருதைப் பெற்ற மூவரில் ஒருவரான யோசுவா பெஞ்சியோ இங்கேதான் பேராசிரியராக இருக்கிறார். நம் பிள்ளைகளில் பலர் இத்துறையைப் படிக்கிறார்கள். ஆகவே "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடிக்கும் விசயமல்ல இது. எந்த மாதிரி, யாருக்கு அருகில், எந்த மின்சாரத்தில் என்பதுதான் கேள்வி.

உலோகத்தூசு விடும் உருக்காலையோடு பார்த்தால் நீர்மின்சாரத்தில் ஓடும் தரவு நிலையம் எவ்வளவோ சுத்தமானது. இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆனாலும் கவனிக்கவேண்டிய நான்கு விடயங்கள் உண்டு.

1. காற்று

மின்சாரம் ஒரு நிமிடம் நின்றாலும் தரவு நிலையம் தாங்காது. அதனால் வளவுக்குள் பெரிய டீசல் மின்பிறப்பாக்கிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். மின்தடை இல்லாவிட்டாலும் அவற்றை இடைக்கிடை ஓட்டிப் பரிசோதிப்பது வழக்கம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் முதலாம் வகுப்பில் சேர்த்தது. புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை சென்று இரத்தத்திலும் கலக்கக்கூடியவை. தொய்வு உள்ள பிள்ளைகள், இருதய நோயாளர், நீரிழிவுக்காரர், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோரை அது முதலில் பாதிக்கும். 2023 ஜூன் 25ஆம் திகதி காட்டுத்தீப் புகை மொன்றியலை மூடியபோது கண் எரிந்ததும் நெஞ்சு இறுகியதும் நினைவிருக்கும். அன்று நம்மை வாட்டியவை அத்தகைய நுண்துகள்களே.

2. இரைச்சல்

கணனிகளை ஆற்றும் விசிறிகள் நிற்பதேயில்லை. தூரத்தில் நின்று கேட்டால் "ம்ம்ம்" என்ற தாழ்ந்த ரீங்காரம். பகலில் தெரியாது, இரவில் தலையணைக்குள் வந்துவிடும். இரவு வேளையில் வீட்டுக்கு வெளியே இரைச்சல் 40 டெசிபலுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐரோப்பாவுக்கான வழிகாட்டியில் சொன்னது. நித்திரை தொடர்ந்து குழம்பினால் இரத்த அழுத்தம் ஏறும், எரிச்சல் வரும், பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனம் குறையும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம்மவரிடையே ஏற்கெனவே கூடுதல் என்பதால் நித்திரையை நாம் சிறு விடயமாக எடுக்க முடியாது.

3. தண்ணீர்

சில தரவு நிலையங்கள் தண்ணீரை ஆவியாக்கிக் குளிரூட்டுகின்றன. அவற்றுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், குழாயில் பாசியும் கிருமியும் சேராமலிருக்க இரசாயனமும் வேண்டும். மூடிய குழாய்ச் சுற்றில் ஆற்றுவோருக்கு அவ்வளவு வேண்டாம். போஆர்னுவாவைத் தாண்டி வரும் தண்ணீர் செயின்ற் லூயி ஏரிக்குள் வருகிறது. ஏரிக்குக் கீழே, லஷீன் நீர்வீச்சுக்கு மேலே, லசால் பக்கமாக எடுக்கும் ஆற்றுநீரைத்தான் மொன்றியலின் இரு பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் நமது குழாய்க்கு அனுப்புகின்றன. மேலே என்ன கலக்கிறது என்று கேட்பது கீழே குடிக்கும் நமது கடமை.

4. மண்

பழைய மின்நிலையக் காணியும் ஆலைக் காணியும் வெறுங்காணிகள் அல்ல. எண்ணெய், சாம்பல், உலோகம் என்று ஏதாவது மண்ணுக்குள் இருக்கும். அத்திவாரம் வெட்டும்போது அது தூசாக எழும்பலாம், நிலத்தடி நீரில் இறங்கலாம். இதை நமக்குப் புத்தகத்தில் காட்டத் தேவையில்லை. சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததும், அள்ளிய தண்ணீரைக் குடிக்கமுடியாமல் வலிகாமம் மக்கள் பவுசருக்காகக் காத்து நின்றதும் நமது சொந்தக்காரரின் கதை. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், அங்கு மின்சாரம் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது நல்லது. ஆனால் காசைக் கொடுத்து ஒரு கிணற்றைப் பழைய கிணறாக்க முடியுமா?

எல்லா மின்நிலையமும் ஒன்றல்ல

தரவு நிலையத்தைவிட அதற்கு மின்சாரம் தரும் நிலையமே பெரும்பாலும் நமது சுவாசத்தைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் எக்ஸ்ஏஐ நிறுவனம் 2024இல் பழைய தொழிற்சாலை ஒன்றில் பெரிய கணனிக் கூடத்தைத் திறந்தது. மின்வலையமைப்பு உடனே தரக்கூடிய மின்சாரம் போதாமல், எரிவாயுச் சுழலிகளை வளவுக்குள்ளேயே கொண்டுவந்து ஓட்டியது. அருகிலுள்ள கறுப்பின மக்களின் குடியிருப்புகள் ஏற்கெனவே தொழிற்சாலைப் புகையால் அவதிப்பட்டவை. மக்கள் எதிர்த்தார்கள். 15 சுழலிகளுக்கு மாவட்டச் சுகாதாரத் திணைக்களம் அனுமதிப்பத்திரம் வழங்கியது 2025 ஜூலையில். சுழலிகள் அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டன.

பென்சில்வேனியாவில் ஹோமர் சிற்றி நிலக்கரி மின்நிலையம் 2023இல் மூடப்பட்டு, 2025 மார்ச்சில் அதன் புகைபோக்கிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அடுத்த மாதமே அதே காணியில் 4,400 மெகாவாற் அளவிலான எரிவாயு மின்நிலையத்தையும் தரவு நிலைய வளாகத்தையும் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நிலக்கரியைவிட எரிவாயு மேல்தான். ஆனாலும் அது எரியும்போது வரும் நைதரசன் ஒட்சைட்டுகள் தொய்வைக் கிளப்பும்.

மறுபக்கமும் உண்டு. நமது அயல் மாகாணமான ஒன்ராறியோ 2014இல் நிலக்கரி மின்சாரத்தை முற்றாக நிறுத்தியது. 2005இல் அங்கே 53 நாட்கள் புகைமூட்ட நாட்களாக அறிவிக்கப்பட்டிருந்தன. 2014இல் அப்படி ஒரு நாளும் இல்லை. நான்ரிக்கோக் நிலக்கரி நிலையக் காணியில் இப்போது சூரியத் தகடுகள் நிற்கின்றன. நமது துறைமுகத்திலும் சிறிய அளவில் இதைக் காணலாம். உல்லாசக் கப்பல்கள் கரையில் நிற்கும்போது டீசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் வசதி 2017 முதல் அங்கு உண்டு. பழைய மொன்றியலில் நடப்பவர்கள் அந்த அளவுக்குப் புகை குறைவாகச் சுவாசிக்கிறார்கள்.

கணனிகளின் சூட்டையும் வீணாக்கத் தேவையில்லை. டென்மார்க்கின் ஒடன்சே நகரில் தரவு நிலையத்தின் வெப்பம் குழாய்வழியே ஆயிரக்கணக்கான வீடுகளைச் சூடாக்குகிறது. ஆறு மாதம் பனிக்குள் இருக்கும் நமக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

1998 ஐஸ் மழையை மறக்கலாமா?

1998 ஜனவரியில் பெய்த உறைமழையில் மின்கோபுரங்கள் நொறுங்கி விழுந்ததை இங்கு நெடுநாள் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜனவரி 9ஆம் திகதி நகரத்தின் குடிநீர் நிலையங்களுக்கே மின்சாரம் நின்றது. 2023 ஏப்ரலில் மீண்டும் உறைமழை பெய்து பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் மின்சாரம் போனது. இப்படியான நாட்களில்தான் தரவு நிலையங்களின் டீசல் மின்பிறப்பாக்கிகள் எல்லாம் ஒன்றாக ஓடும். வீட்டில் சூடில்லாமல் இருக்கும் அயலவருக்குப் புகையும் சேர்ந்துவரும். நெருக்கடியில் மின்சாரம் முதலில் யாருக்கு என்ற கேள்வியும் அப்போது எழும். கியூபெக்கில் 2023 பெப்ரவரியில் நிறைவேறிய சட்டத்தின்படி, 5 மெகாவாற்றும் அதற்கு மேலும் கேட்கும் புதிய திட்டங்களுக்கு அரசாங்கத்தின் அனுமதி தேவை. பொதுமக்கள் கேள்வி கேட்க இது ஒரு நல்ல பிடி.

நாம் என்ன செய்யலாம்?

- வீடு வாங்கப்போகும்போது பாடசாலையையும் பஸ்ஸையும் விசாரிப்பதுபோல, அருகில் மின்நிலையமோ தரவு நிலையமோ வரவிருக்கிறதா என்றும் நகரசபையில் விசாரியுங்கள். இரவு பத்து மணிக்குப் பின் ஒருமுறை அந்தத் தெருவில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் கேட்டுப் பாருங்கள்.

- மாசடைந்த காணிகளின் பதிவேட்டைக் கியூபெக் சுற்றாடல் அமைச்சு பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக வைத்திருக்கிறது. பிரெஞ்சு வாசிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் தேடித் தருவார்கள்.

- நகரசபைக் கூட்டங்களில் பொதுமக்களுக்குக் கேள்வி நேரம் உண்டு. எத்தனை டீசல் மின்பிறப்பாக்கிகள், எந்த நேரத்தில் பரிசோதனை, இரவில் வீட்டு எல்லையில் எத்தனை டெசிபல், குளிரூட்டும் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, காணியின் மண் பரிசோதிக்கப்பட்டதா? இந்த ஐந்து கேள்விகளையும் எழுதிக்கொண்டு போங்கள். கட்டமுன் கேட்டால் திருத்தலாம், கட்டியபின் கேட்டால் முறைப்பாடு மட்டுமே எழுதலாம்.

- தொய்வு, இருதய நோய் உள்ளவர்கள் காற்றுத் தர அறிவித்தலைக் காலையில் வானிலையோடு சேர்த்துப் பாருங்கள். காற்று மோசமான நாளில் நடைப்பயிற்சியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சு மருந்து முடியுமுன் புதியதை எடுத்து வையுங்கள்.

- மின்தடையின்போது கரி அடுப்பையோ மின்பிறப்பாக்கியையோ வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் ஒருபோதும் எரிக்கவேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 2023 உறைமழையிலும் இதனால் நச்சேறியவர்கள் உண்டு. அபாயமணி ஒன்று வாங்கி மாட்டுங்கள். தலையிடியும் ஓங்காளமும் வந்தால் உடனே வெளியே வந்து 911ஐ அழையுங்கள். அவசரமில்லாத சுகாதாரக் கேள்விகளுக்கு 811 இருக்கிறது.

- இரைச்சலால் நித்திரை குழம்பினால் நாளும் நேரமும் குறித்து ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். வைத்தியருக்கும் நகரசபைக்கும் அந்தக் கொப்பி பேசும்.

நிறைவாக

லஷீன் கால்வாய் ஓரத்து ஆலைகள் வந்தபோது அங்கு குடியிருந்த ஏழைத் தொழிலாளரிடம் யாரும் கேட்கவில்லை. போஆர்னுவாவில் மங்கனீசுத் தூசு பறந்தபோது அயலவரின் இரத்தத்தைப் பார்க்க ஆலை மூடும்வரை காலம் போனது. சுன்னாகத்தில் நமது மக்கள் கிணற்றில் எண்ணெய் மிதந்தபிறகே வீதிக்கு இறங்கினார்கள். இந்த முறை கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கும்போதே நமக்கு விசயம் தெரிகிறது. அந்த வாய்ப்பு முந்தியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த கோடையில் துறைமுகத்துக்குப் போகும்போது, கால்வாயில் ஏன் குளிக்கமுடியாது என்று பிள்ளைகள் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பொறியியலும் கணனியும் படிக்கும் மூத்த பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். நாளைக்கு இந்தக் கூடங்களை வரையப்போகிறவர்களில் அவர்களும் இருப்பார்கள்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம். நலமுடன் இருங்கள்.